லயத்துச் சுவரில் ஒட்டிய செய்திகள்
பழைய பத்திரிகைகளில் வேற்றுக்கிரகவாசிகள்



மலையகத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழைய பத்திரிகை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நூலகம் அல்ல. லயத்துக் காம்பராவின் சுவர்தான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரிலும் புகை படிந்த பலகைத் தட்டியிலும் பசை தடவிப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைப்பது ஒரு காலத்தில் எங்கும் இருந்த வழக்கம். குளிருக்கும் தடுப்பாயிற்று, கண்ணுக்கும் அழகாயிற்று. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் இரண்டாவது பாடப்புத்தகமாக இருந்தது.

அந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு குறை இருந்தது. சுவரில் ஒட்டிய தாளுக்கு முதல் நாளும் இல்லை, மறுநாளும் இல்லை. வானத்தில் அதிசய ஒளி தோன்றியது, மக்கள் பீதியடைந்தார்கள் என்று ஒரு செய்தி இருந்தால், அது அப்படியே இருக்கும். மறுநாள் அந்த ஒளி இன்னதென்று தெரியவந்து, உள்பக்கத்தின் மூலையில் நாலு வரி வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாள் வேறெங்கோ கருவாடு சுற்றப் போயிருக்கும். சுவரை வாசித்த பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் அது அதிசய ஒளிதான்.

வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டதாகச் சொல்லும் பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடிப் போகிறவருக்கும் இதே குறைதான் எதிர்ப்படுகிறது. முதல் நாள் செய்தி எல்லோர் கையிலும் கிடைக்கிறது. இரண்டாம் நாள் செய்தியைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இன்றைய உரையில் அப்படிச் சில செய்திகளின் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். போகிற வழியில் மூன்று கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். கண்டவர் கண்டது என்ன? அதற்குப் பெயர் வைத்தவர் யார்? பின்னாளில் தெரியவந்தது என்ன?

செவனகலையில் பெய்த மழை

தூர தேசங்களுக்குப் போகுமுன் நமது மாவட்டத்திலேயே தொடங்குவோம். மொனராகலை மாவட்டத்தின் தென்பக்கத்தில் செவனகல இருக்கிறது. கரும்புக்கும் சீனித் தொழிற்சாலைக்கும் பெயர்பெற்ற இடம். 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில் அங்கே சிவப்பு மழை பெய்தது. அதே நாட்களில் பொலன்னறுவை மாவட்டத்தின் மன்னம்பிட்டியிலும் அப்படியே பெய்தது. முற்றத்தில் வைத்த பாத்திரங்களிலும் வாளிகளிலும் செந்நிறத் தண்ணீர் சேர்ந்தது. மக்கள் அதைப் போத்தல்களில் பிடித்து வைத்தார்கள். படங்கள் வந்தன. உலகப் பத்திரிகைகளிலும் மொனராகலையின் பெயர் வந்தது.

மழையைக் கண்டவர்கள் சொன்னது மிகவும் எளிமையான செய்தி. மழை சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த எளிமையான செய்தி பயணம் போகப் போக அதன்மேல் வேறு சொற்கள் ஏறின. குருதி மழை என்றார்கள் சிலர். விண்வெளியிலிருந்து வந்த உயிர் என்றார்கள் வேறு சிலர். கண்டவர் சொன்ன சொல்லுக்கும் அச்சில் வந்த சொல்லுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரம்தான் இன்றைய உரையின் விஷயம். செவனகல மழையின் மீதிக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன், இந்தத் தூரம் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும்.

கூடலூர் கிழாரின் சாட்சியம்

வானத்தில் கண்டதை எழுதி வைப்பது தமிழுக்குப் புதிய பழக்கம் அல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டை இலக்கிய நேயர்கள் அறிவீர்கள். கூடலூர் கிழார் பாடியது. வானத்திலிருந்து ஒரு மீன் விழுந்ததைக் கண்டு, யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என்று அஞ்சியதையும், ஏழாம் நாள் அரசன் மறைந்ததையும் அந்தப் பாட்டு சொல்கிறது.

அந்தப் பாட்டை ஒரு பத்திரிகைச் செய்தியாக வைத்து வாசித்துப் பாருங்கள். புலவர் முதலில் எதைச் சொல்கிறார்? மாதம் பங்குனி, அதிலும் முற்பகுதி. நேரம் நள்ளிரவு. அந்த நேரத்தில் உச்சியிலிருந்து சாய்ந்த நட்சத்திரம் எது, எழுந்த நட்சத்திரம் எது, மறைந்த நட்சத்திரம் எது என்று அடுக்கிச் சொல்கிறார். விழுந்த மீன் கிழக்கே போகவில்லை, வடக்கே போகவில்லை என்று திசையையும் சொல்கிறார். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் தன் அச்சத்தைச் சொல்கிறார்.

விண்கொள்ளி விழுந்ததால் அரசன் இறந்தான் என்பதை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆனால் கூடலூர் கிழார் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார். கண்டதை ஒரு பக்கத்திலும் நினைத்ததை இன்னொரு பக்கத்திலும் வைத்திருக்கிறார். அவருடைய நம்பிக்கையைக் கழித்துவிட்டாலும் அவருடைய சாட்சியம் மிஞ்சுகிறது. அப்படி மிஞ்சும் சாட்சியம் பிற்காலத்துப் பத்திரிகைகளில் அபூர்வமாகவே கிடைக்கிறது.

ஒரு சதத்துப் பத்திரிகையும் சந்திர மனிதரும்

பத்திரிகை யுகத்துக்கு வருவோம். 1835ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 'சன்' என்ற பத்திரிகை ஒரு கட்டுரைத் தொடரைத் தொடங்கியது. ஒரு சதத்துக்கு விற்ற பத்திரிகை அது. புகழ்பெற்ற வானியலாளர் சேர் ஜோன் ஹேர்ஷல், தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பெரிய தொலைநோக்கி ஒன்றை அமைத்துச் சந்திரனைப் பார்த்தார் என்றும், அங்கே காடுகளையும் விலங்குகளையும், வௌவாலைப்போலச் சிறகு கொண்ட மனிதர்களையும் கண்டார் என்றும் ஆறு கட்டுரைகள் வெளிவந்தன.

ஹேர்ஷல் உண்மையான மனிதர். அவர் அப்போது நன்னம்பிக்கை முனையில் இருந்ததும் உண்மை. சந்திர மனிதர் மட்டும்தான் பொய். அந்தப் பொய்க்கு மறுப்பு வாங்க வேண்டுமானால் கடிதம் கப்பலேறிப் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பத்திரிகை விற்றுத் தீர்ந்துவிட்டது. அதே பத்திரிகையில் வேலை செய்த ரிச்சர்ட் அடம்ஸ் லொக் என்பவரே எழுதியவர் என்று பின்னாளில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இங்கே நமது முதற் கேள்விக்கு விடை மிகச் சுலபம். கண்டவர் என்று ஒருவருமே இல்லை.

ஆனால் எல்லாச் செய்தியும் இப்படிப் பொய்யில் பிறப்பதில்லை. 1877ஆம் ஆண்டு இத்தாலிய வானியலாளர் ஜொவானி ஸ்கியாபரெல்லி செவ்வாய்க் கிரகத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, மெல்லிய கோடுகளைக் கண்டதாக எழுதினார். அவற்றைக் 'கனாலி' என்ற இத்தாலியச் சொல்லால் குறித்தார். நீர் ஓடும் இயற்கையான பள்ளத்துக்கும் பொருந்தக்கூடிய சொல் அது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது 'கனால்' ஆயிற்று. அதாவது வெட்டப்பட்ட கால்வாய். நமது மொழியில் சொன்னால், ஓடை என்று எழுதியதை வாய்க்கால் என்று வாசித்ததுபோல. ஓடையை மழை உண்டாக்கும். வாய்க்காலை வெட்ட மண்வெட்டி பிடித்த கை வேண்டும். சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டு அதன் புகழ் பரவியிருந்த காலம் வேறு. செவ்வாயில் கால்வாய் இருந்தால் வெட்டியவர்களும் இருக்கத்தானே வேண்டும்?

பேர்சிவல் லோவெல் என்ற அமெரிக்கச் செல்வந்தர் 1894இல் அரிசோனாவில் வானாய்வுக்கூடமே கட்டி, அந்தக் கால்வாய்களைப் பற்றி நூல்கள் எழுதினார். 1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் செவ்வாயின் அருகே சென்று படம் பிடித்தபோது பள்ளங்கள் தெரிந்தன, கால்வாய்கள் தெரியவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு கிரகத்தைக் குடியேற்றி வைத்திருந்தது. மொழியோடு பழகும் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

தட்டு பறக்கத் தொடங்கிய நாள்

இனிப் பறக்கும் தட்டுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி கெனத் ஆர்னல்ட் என்ற வியாபாரி, தமது சிறிய விமானத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ரெயினியர் மலைப்பக்கம் பறந்துகொண்டிருந்தார். ஒன்பது பொருட்கள் மிக வேகமாகப் போவதைக் கண்டார். மறுநாள் ஒரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் நகரத்தில் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். செய்தி தந்தியில் நாடெங்கும் போயிற்று.

அவர் சொன்னதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தண்ணீரின்மேல் ஒரு தட்டை எறிந்தால் அது தத்தித் தத்திப் போகுமே, அதுபோலப் போயின என்று தாம் அசைவைத்தான் வருணித்ததாகப் பின்னாளில் அவர் விளக்கினார். குளத்தில் ஓட்டுச் சில்லு எறிந்து விளையாடிய எவருக்கும் அந்த உவமை விளங்கும். அது போன விதத்துக்கு உவமை, வடிவத்துக்கு அல்ல. அவர் வரைந்து கொடுத்த படத்திலும் அவை முழு வட்டமாக இல்லை. ஆனால் தலைப்பு எழுதியவர்கள் அசைவை விட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார்கள். 'பறக்கும் தட்டு' பிறந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். ஆர்னல்ட் வட்டத் தட்டுகளைக் காணவில்லை. ஆனால் பத்திரிகையை வாசித்த மற்றவர்கள் வட்டத் தட்டுகளையே காணத் தொடங்கினார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வானத்தில் எதையோ கண்டிருப்பார்கள். தெளிவில்லாமல் கண்டதைப் பக்கத்தில் கிடைத்த சொல்லில் ஊற்றி வைப்பது மனித சுபாவம். உவமையணி படித்த நமக்கு, உவமானம் உவமேயத்தை விழுங்கிய கதை என்றால் உடனே விளங்கும்.

இரண்டே வாரத்தில் அடுத்த செய்தி. 1947 ஜூலை 8ஆம் திகதி, நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ரொஸ்வெல் நகரத்துப் பத்திரிகை, விமானப்படையினர் பறக்கும் தட்டு ஒன்றைக் கைப்பற்றினர் என்று தலைப்பிட்டது. மறுநாளே அது வானிலை பலூன் என்று அறிவிக்கப்பட்டது. அந்த மறுநாள் செய்தியும் முழு உண்மையாக இருக்கவில்லை. சோவியத் யூனியனின் அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க இரகசியமாக விடப்பட்ட 'மொகல்' திட்டத்துப் பலூன் அது என்று 1994இல் அமெரிக்க விமானப்படையின் அறிக்கை சொன்னது. ஆகவே, நேயர்களே, இரண்டாம் நாள் பத்திரிகையோடும் நின்றுவிடக் கூடாது. சில செய்திகளின் மறுநாள் வந்து சேர 47 வருடங்கள் பிடிக்கின்றன.

வானொலியின் பங்கு

வானொலியில் பேசிக்கொண்டு பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, எச். ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்வாசிகளின் படையெடுப்புக் கதையை ஓர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் செய்தி அறிக்கை பாணியில் நாடகமாக்கினார். நாடே வீதிக்கு ஓடிவந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. நம்மில் பலரும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம்.

பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். நாடகத்தைக் கேட்டவர்கள் அவ்வளவு பேர் இல்லை. பயந்தவர்கள் சிலர் உண்டு. ஆனால் நாடு தழுவிய பீதி என்று ஒன்று நடக்கவில்லை. விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்த காலம் அது. வானொலியை நம்ப முடியாது என்று காட்டுவதில் பத்திரிகைகளுக்கு அக்கறை இருந்தது. வேற்றுக்கிரகவாசி பற்றிய செய்தி மட்டுமல்ல, அதற்கு மக்கள் பயந்தார்கள் என்ற செய்தியும் சோதித்துப் பார்க்க வேண்டியது என்பது இதில் கிடைக்கும் பாடம். பாமர மக்கள் பீதி என்று ஒரு வரி எழுதுவது சுலபம். அந்தப் பாமர மக்களை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

கொள்ளிவாயும் எக்கோவும்

நமது பக்கத்துக்குத் திரும்புவோம். சதுப்பு நிலத்திலும் வயல் ஓரத்திலும் இரவில் தெரியும் வெளிச்சத்துக்கு நமது பாட்டன்மார் வைத்த பெயர் கொள்ளிவாய்ப் பேய். வானத்தில் வால் நீண்ட வெள்ளி தெரிந்தால் தூமகேது. விளங்காத வெளிச்சத்துக்குப் பெயர் வைப்பதில் எந்த நாட்டாரும் எந்தக் காலத்தாரும் பின்னிற்கவில்லை. பேய்க்குப் பழைய பெயர் பேய், புதிய பெயர் வேற்றுக்கிரகவாசி என்றுகூடச் சொல்லலாம்.

படித்தவர்களுக்கு இந்த மயக்கம் வராது என்று எண்ண வேண்டாம். 1956 முதல் இலங்கையைத் தம் வீடாக்கிக்கொண்டு 2008இல் கொழும்பில் மறைந்தவர் விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க். 1964 மே மாதம் 17ஆம் திகதி இரவு, அவரும் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் நியூயோர்க்கில் இருந்தபோது, வானத்தில் பிரகாசமான பொருள் ஒன்று நகர்வதைக் கண்டு திகைத்தார்கள். வேற்றுலக உயிர்களைப் பற்றிப் படம் எடுப்பதென்று பேசி முடித்த இரவு அது. விசாரித்துப் பார்த்ததில் அது எக்கோ 1 என்று தெரிந்தது. 1960இல் மனிதர் அனுப்பிய, சுமார் 30 மீற்றர் விட்டமுள்ள பலூன் செய்மதி. செய்மதித் தொடர்புக்கு 1945இலேயே வழி எழுதிக் காட்டிய மனிதரே செய்மதியைக் கண்டு மயங்கினார். ஆனால் அவர் விசாரித்தார். விசாரித்து அறிந்ததைப் பின்னாளில் தாமே எழுதியும் வைத்தார்.

நல்ல குறிப்பு இருந்தால் விசாரணை எவ்வளவு சுலபமாகிறது என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று. 2012 ஆகஸ்ட் முதல் சுமார் ஆறு மாதங்களில் லடாக் எல்லையில் மர்ம ஒளிகளைக் கண்டதாக இந்தியப் படையினர் 329 தடவைகள் பதிவு செய்தார்கள். சீனத்து வேவு விமானங்களோ என்ற சந்தேகம். பெங்களூரிலுள்ள இந்திய வான்பௌதிகவியல் நிறுவகத்தார் ஆராய்ந்தார்கள். அவை வியாழனும் வெள்ளியும். ஒளி தெரிந்த நேரமும் திசையும் நகர்ந்த விதமும் குறிக்கப்பட்டிருந்தால்தான் அப்படி அடையாளம் காண முடியும். கூடலூர் கிழாரின் முறை இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் பயன்படுகிறது.

சிவப்பு மழையின் மறுநாள்

இப்போது செவனகல மழைக்கு வருவோம். அதற்கு முன்னோடி ஒன்று இருந்தது. 2001 ஜூலை 25ஆம் திகதி முதல் செப்டம்பர் வரை கேரளத்தில், முக்கியமாகக் கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில், விட்டுவிட்டுச் சிவப்பு மழை பெய்தது. விண்கல் வெடித்துச் சிதறிய தூசியாக இருக்கலாம் என்பது முதல் விளக்கம். சில மாதங்களில் ஆய்வு நிறுவனங்கள் மழைநீரில் இருந்தவை 'திரெண்டிபோலியா' என்ற பாசியின் வித்திகள் என்று அறிக்கை கொடுத்தன. மரப்பட்டையிலும் பாறையிலும் செம்மஞ்சளாகப் படரும் பாசி இனம் அது. ஆயினும் கோட்டயத்துப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் இருவர், அந்தச் செந்நிறக் கலங்கள் பூமிக்கு வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று 2006இல் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் எழுதினார்கள். உலகப் பத்திரிகைகள் அதைத்தான் தலைப்பாக்கின. பாசி உள்பக்கத்துக்குப் போயிற்று.

2012இல் செவனகலையில் பெய்தபோது அந்தத் தலைப்பு ஆயத்தமாக இருந்தது. கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலிடம் பயின்று, உயிரின் வித்துகள் விண்வெளியிலிருந்து வந்தன என்ற கொள்கையை நெடுங்காலம் நிலைநாட்ட முயன்றவர் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்க. அந்த ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவை அரலகன்விலப் பக்கம் வானத்தில் தீக்கோளம் தோன்றியதாகவும் கற்கள் விழுந்ததாகவும் செய்தி வந்தது. அந்தக் கற்களில் 'டயட்டம்' எனப்படும் நுண்பாசிகளின் எச்சங்கள் உள்ளன என்று 2013 ஜனவரியில் அவரும் அவரது குழுவினரும் எழுதினார்கள். சிவப்பு மழைக்கும் கற்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

மறுநாள் செய்தி என்ன? கற்களில் காட்டப்பட்ட நுண்பாசிகள் பூமியின் நன்னீரில் வாழும் இனங்கள் என்று அத்துறை அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். கற்கள் விண்கற்கள்தானா என்பதையும் மறுத்தார்கள். மழைநீரைப் பரிசோதித்த கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், அதில் 'திரக்கெலொமோனாஸ்' என்ற நுண்ணுயிரைக் கண்டதாகச் சொன்னது. குளத்திலும் குட்டையிலும் வாழ்வது. இரும்புச் சத்து சேர்ந்து துருவின் நிறம் கொண்ட ஓட்டுக்குள்ளே இருப்பது.

இதனால் செவனகலை மக்கள் கண்டது பொய்யாகிவிட்டதா? இல்லவே இல்லை. மழை சிவப்பு என்றார்கள். மழை சிவப்பாகவே இருந்தது. அவர்கள் போத்தலில் பிடித்து வைத்த தண்ணீர் சாட்சி. விண்வெளி என்ற சொல் அவர்கள் போத்தலில் இருக்கவில்லை. அது வேறிடத்தில் கலந்தது. குளத்து உயிர் ஒன்று மழையோடு இறங்குவது சின்ன விஷயமா? குளம், காற்று, மேகம் மூன்றுக்கும் உள்ள உறவைக் காட்டும் பெரிய விஷயம் அது. வேற்றுக்கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நமது குளத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

பெயர் தவறினால்

இதுவரை சொன்ன கதைகளைக் கேட்டு நீங்கள் சிரித்திருக்கலாம். இனிச் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

செவனகல மழைக்கு ஓராண்டு முன்பு, 2011 ஆகஸ்டில், மலையகத்திலும் கிழக்கிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு பெயர் பரவியது. கிறீஸ் பூதம். சிங்களத்தில் கிறீஸ் யக்கா. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிப் பிடிக்கு வழுக்கி ஓடும் கள்வனைப் பற்றிய பழைய பேச்சு அது. அந்த ஆகஸ்டில் அது பூதமாகவே நடமாடத் தொடங்கியது. எட்டாத உயரத்துக்குத் தாவுகிறது, நகத்தால் கீறுகிறது என்றெல்லாம் கதைத்தார்கள். பெண்கள் தனியே வெளியே இறங்க அஞ்சினார்கள். ஆண்கள் இரவில் பொல்லும் டோர்ச்சுமாகக் காவல் இருந்தார்கள். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பூதம் என்று சந்தேகிக்கப்பட்ட இருவர் வெட்டிக் கொல்லப்பட்டதாக அப்போதைய செய்திகள் பதிவு செய்தன. புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கூட்டத்தினரால் கொல்லப்பட்டார்.

பத்து ஆண்டுகளுக்கு முன், 2001 மே மாதத்தில், டில்லியில் குரங்கு மனிதன் என்று ஒரு பெயர் பரவியது. பொலிசுக்கு நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள். உருவப்படம்கூட வரைந்து வெளியிட்டார்கள். பயந்து மாடியிலிருந்து விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு. அப்படி ஒரு பிராணி அகப்படவே இல்லை.

கிறீஸ் பூதம் முழுக்க வதந்தி என்று அப்போது அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பூதம் உண்டு என்று வதந்தி சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் நின்றாள். அவள் சொன்னது, யாரோ எட்டிப் பார்த்தான், யாரோ கையைப் பிடித்தான் என்பதாக இருக்கலாம். அது முறைப்பாடு. விசாரிக்கப்பட வேண்டிய முறைப்பாடு. அதற்குப் பூதம் என்று பெயர் வைத்த உடனே இரண்டு தீங்குகள் நடந்தன. ஒன்று, வழியில் போன அப்பாவி பூதமானான். மற்றது, உண்மையில் எட்டிப் பார்த்தவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் மனிதன் என்ற கணக்கிலிருந்தே தப்பிப் போனான். பூதத்தைப் பொலிசில் யார் பிடித்துக் கொடுப்பது?

தவறான பெயரின் குணம் அதுதான். செவ்வாயின் வாய்க்காலில் அது ஒருவரையும் கொல்லவில்லை. தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அது கொன்றது.

மறுநாள் தாள்

பழைய பத்திரிகைகளைத் தேடுவது பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. அவற்றின் பழைய தாள்களைத் தேடுகிறவர் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடலாம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றோடு அழிந்த செய்திகளுக்கு மறுநாள் என்பது இனி இல்லை. மிஞ்சியிருப்பதையாவது முழுதாக வாசிக்க வேண்டும். அதிசயச் செய்தி ஒன்று அகப்பட்டால் அடுத்த நாள் தாளையும் அடுத்த வாரத் தாளையும் புரட்டுங்கள். உள்பக்கத்தின் மூலையைப் பாருங்கள்.

தோட்டத்து மக்கள் கண்டது எப்போதெல்லாம் அச்சேறியது என்பதையும் அப்போது பார்க்கலாம். பூதத்தைக் கண்டபோது அவர்கள் பெயர் தலைப்பில் வந்தது. மண் சரியப் போகிறது, சுவர் வெடித்திருக்கிறது என்று கண்டு சொன்னபோது எத்தனை தடவை வந்தது? ஒரே கண்கள்தானே இரண்டையும் கண்டன.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். வானத்திலோ வழியிலோ விளங்காத ஒன்றை நீங்கள் கண்டால் வெட்கப்படாமல் எழுதி வையுங்கள். கூடலூர் கிழார் எழுதியதுபோல எழுதுங்கள். மாதம், நாள், நேரம், திசை, எவ்வளவு நேரம் நின்றது, கூட இருந்தவர்கள் யார். அதற்கு என்ன பெயர் என்பதைக் கடைசி வரியில் எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர் யாராவது அதை நிரப்புவார்.

லயத்துச் சுவரில் தாள் ஒட்டுகிறவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். கையில் இருக்கும் தொலைபேசியில் செய்தி வந்து விழுகிறது. அதுவும் முதல் நாள் தாள்தான். மறுநாள் தாளை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.